சிற்றூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: எந்த முறை என்று கேட்பதற்கு முன், கசடை யார் அகற்றுவார் என்று கேட்க வேண்டாமா?

பதிவு 1 – வாய்க்கால்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 180 வீடுகளும் ஏறத்தாழ 800 பேரும் உள்ள ஒரு சிற்றூரின் கழிவுநீரை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய குழுவில் நானும் ஒருவன். இப்போது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் செப்டிக் டேங்க் உள்ளது. மற்ற வீடுகளில் குழிக் கழிப்பறைகள் உள்ளன. சமையலறை நீரும் குளியல் நீரும் தெருவோர வாய்க்காலில் ஓடி, ஊரின் தாழ்ந்த பக்கத்தில் உள்ள குளத்தில் சேர்கின்றன. பல செப்டிக் டேங்குகளின் வெளிக்குழாயும் அதே வாய்க்காலில்தான் திறந்திருக்கிறது. வறண்ட மாதங்களில் குளத்து நீர் பச்சைப் பாயாகிவிடுகிறது. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் நைட்ரேட் கூடிக்கொண்டே வருவதாகப் பரிசோதனைகள் சொல்கின்றன.

எங்கள் முன் இரண்டு திட்டங்கள் வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, காற்றூட்டித் தொட்டியும் தெளிவிப்புத் தொட்டியும் குளோரின் கலக்கும் அமைப்பும் ஒரே சட்டகத்தில் அடங்கிய ஆயத்த நிலையம். இடம் குறைவாகப் போதும். இரண்டாவது, தடுப்புச் சுவர்களுள்ள காற்றில்லாத் தொட்டியும், அதைத் தொடர்ந்து நாணலும் கல்வாழையும் வளர்க்கும் சரளைப் படுகையும்; இதற்கு இடம் அதிகம் வேண்டும், மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம். இரண்டையும் முன்வைத்தவர்கள், வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும் என்று உறுதியளிக்கிறார்கள். கட்டி முடித்து பத்தாண்டு கழிந்த பிறகும் எது வேலை செய்துகொண்டிருக்கும் என்பதே என் கவலை. இத்துறையில் உள்ளவர்களின் கருத்தை விரிவாக அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 – சரளைப்படுகை

வணக்கம். நான் சிறிய ஊர்களுக்கான அமைப்புகளை வடிவமைக்கிறேன். முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. இரண்டு திட்டங்களிலும் உள்வரும் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்? லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்தால், அந்த எண் பெரும்பாலும் ஏதோ ஒரு நகரத்தின் பாடநூல் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும்.

ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் கரிமச் சுமை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நெறிமுறை அதை 60 கிராம் பி.ஓ.டி. என்று வைக்கிறது; வேறு பல நாடுகளில் 45 கிராம் வரை குறைத்தும் கணக்கிடுகிறார்கள். 50 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 800 பேருக்கு நாளொன்றுக்கு 40 கிலோ. ஆளுக்கு 100 லிட்டர் நீர் புழங்கி அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்புமானால், மொத்தம் 64,000 லிட்டர். நாற்பது கிலோவை அந்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் வருகிறது. குறைவாக நீர் புழங்கும் ஊரின் கழிவுநீர் அடர்த்தி மிக்கது. 250 என்று எண்ணி அமைத்த காற்றூட்டி முதல் மாதத்திலேயே மூச்சுத் திணறும். அதே எண்ணை நம்பி அமைத்த சரளைப் படுகை இரண்டாம் ஆண்டில் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே யாரிடமும் கையெழுத்திடுவதற்கு முன், வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் ஒரு முழு நாள், விடியலிலிருந்து இரவு வரை, மணிக்கொரு முறை நீரோட்டத்தை அளந்து விடுங்கள். அளவு தெரிந்த ஒரு வாளியும் கடிகாரமும் போதும். சிற்றூர்களில் காலை இரண்டு மணி நேரத்தில் வரும் நீர் நாள்முழுச் சராசரியைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். நள்ளிரவில் ஏறக்குறைய ஒன்றும் இராது. சராசரிக்கு மட்டும் வடிவமைத்த தெளிவிப்புத் தொட்டியில் படிந்த கசடு ஒவ்வொரு காலையும் கிளறப்பட்டு நீரோடு வெளியே போய்விடும். அதே நாளில் ஒவ்வொரு மணிக்கும் சிறிதளவு நீரை எடுத்து, ஓட்டத்திற்கேற்ற விகிதத்தில் ஒரே கலனில் சேர்த்து, குளிரவைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தனியாக ஒரு வேளையில் எடுத்த மாதிரியை நம்ப வேண்டாம்.

பதிவு 3 – மடைக்காவலர்

நான் வடிவமைப்பவன் அல்லன். இத்தகைய அமைப்புகளை இயக்கிப் பராமரிப்பவன். இழையைத் தொடங்கிய ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில், இரண்டு திட்டங்களிலும் கசடு பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான். கழிவுநீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் நீரிலிருந்து அழுக்கைப் பிரித்து வேறோர் இடத்தில் சேர்த்துவைக்கிறோம். அதில் ஒரு பகுதி வாயுவாகப் போகும். மீதி கசடாகத் தொட்டியின் அடியில் இருந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துச் செல்ல ஆள் இல்லையென்றால், தொட்டி நிறைந்ததும் அது தானாகவே வெளிக்குழாய் வழியே புறப்படும். அப்போது குளத்தில் சேர்வது பழைய கழிவுநீரைவிட மோசமானது.

செப்டிக் டேங்கில் சேரும் கசட்டை ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். 800 பேருக்கு 32,000 லிட்டர். ஒவ்வோர் ஆண்டும், விடாமல். உறிஞ்சும் வண்டி ஒரு முறைக்கு 4,000 லிட்டர் கொள்ளுமானால் எட்டு நடை. அந்த எட்டு நடையும் எங்கே கொட்டப்படும் என்பதைத் திட்டத்தில் ஒருவரும் எழுதுவதில்லை. எழுதாத இடத்தை இரவு நேரமும் ஆளில்லாத ஓடையும் நிரப்பிவிடுகின்றன.

கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நீளமான கழியின் அடிப்பகுதியில் ஒரு மீட்டருக்கு வெள்ளைத் துவாலையை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, மேலே நின்றபடியே, நீரின் மேற்பரப்பில் ஏடாகப் படர்ந்திருக்கும் மிதக்கசட்டைத் துளைத்துக் கழியை மெதுவாக அடிவரை இறக்குங்கள். சில நிமிடம் அசையாமல் வைத்திருந்து, நேராக மேலே தூக்குங்கள். கசடு இருந்த உயரம் வரை துவாலையின் இழைகளில் கரிய துகள்கள் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் சாம்பல் நிற ஈரம் மட்டும் இருக்கும். அந்தக் கறுப்பு நீரின் மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் வண்டியைக் கூப்பிடுங்கள். கழியைக் கழுவிய நீரை மீண்டும் தொட்டிக்குள்ளேயே ஊற்றுங்கள். துவாலையைத் தனியே வைத்திருங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பின்னால் பேசிக்கொள்ளும் விஷயம் அன்று. எந்தக் காரணத்துக்காகவும் எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது என்பதால் நாற்றம் வந்தால் வெளியேறிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடுகிறது. அதன்பின் அளவு கூடுவது தெரியாது. கசடைக் கிளறும் போதுதான் வாயு திடீரென வெளிப்படும். முதலில் இறங்கியவர் மயங்கியதும் அவரைக் காப்பாற்ற இறங்கியவர்களே அடுத்து உயிரிழக்கிறார்கள். ஆகையால் இறங்க வேண்டிய தேவையே எழாதபடி கட்டச் சொல்லுங்கள்: ஒவ்வோர் அறைக்கும் மேலே உறிஞ்சுகுழாய் நுழையும் அளவுக்குத் தனித் திறப்பு, வண்டி பக்கத்தில் வந்து நிற்கப் பாதை, அடைப்பை வெளியிலிருந்தே கம்பியால் நீக்கக்கூடிய குழாய் முனைகள். வரைபடத்தில் இம்மூன்றும் இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

பதிவு 4 – ஆலைப்பொறுப்பாளர்

மடைக்காவலர் ஐயா கசடு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். ஆயினும் ஆயத்த நிலையத்தை முற்றிலும் தள்ளிவிடும் நோக்கில் இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் காற்றூட்டி நிலையங்களை இயக்குகிறேன். இடமே இல்லாத ஊர், கடுங்குளிரான ஊர், வெளியேறும் நீர் உடனே குடிநீர் ஆதாரத்தில் சேரும் ஊர் ஆகியவற்றில் இம்முறை சிறந்தது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதில் கிடைமட்டச் சரளைப் படுகை இதற்கு ஈடாகாது. அந்தப் படுகையில் ஆக்சிஜன் போதாது.

ஆனால் இம்முறையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதைக் குழுவினர் அறிந்திருக்க வேண்டும். மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914இல் இதை வெளியிட்டார்கள். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் அது தெளியும் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான், வாரக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு முறையும் அடியில் படிந்த கசடைக் கொட்டிவிடாமல் அப்படியே வைத்து, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றூட்டியதே அவர்கள் செய்த மாற்றம். வாரங்கள் மணிகளாகக் குறைந்தன. நுண்ணுயிர்கள் நிறைந்த அந்தக் கசடுதான் வேலைக்காரன். அதை எவ்வளவு திருப்பி அனுப்புவது, எவ்வளவு வெளியேற்றுவது என்று நாள்தோறும் முடிவெடுக்க ஒருவர் வேண்டும். ஒரு லிட்டர் அளவுக் குவளையில் தொட்டி நீரை எடுத்து அரை மணி நேரம் வைத்து, கசடு எந்தக் கோடு வரை படிகிறது என்று அன்றாடம் குறித்துக்கொள்ளும் ஓர் ஆள் இல்லாத நிலையம், நீரைக் கலக்கிவிடும் இயந்திரம் மட்டுமே.

மின்சாரமும் அப்படியே. நன்றாக நடக்கும் பெரிய நிலையங்களிலேயே ஒரு கிலோ பி.ஓ.டி.யை நீக்க ஏறத்தாழ ஒரு கிலோவாட் மணி செலவாகிறது. சிறியவற்றில் இரு மடங்கு வரை போவது வழக்கம். உங்கள் 40 கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 80 கிலோவாட் மணி. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் சமாளிக்கலாம். ஒரு நாள் முழுக்க நின்றால் கசடு அழுகத் தொடங்கும். மீண்டும் தேறப் பல நாள்கள் பிடிக்கும். மின்கட்டணத்தைக் குறைப்பதற்காகக் காற்றூட்டியை இரவில் நிறுத்திவைக்கும் நிர்வாகங்கள் உண்டு. அங்கே வெளியேறும் நீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரமாக அமர்த்த முடியுமா, அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் உண்டா என்ற இரு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் மட்டும் ஆயத்த நிலையத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பதிவு 5 – கணக்குப்பேரேடு

கட்டுவதற்கு உதவித்தொகை கிடைத்துவிடும். நடத்துவதற்கு எவரும் தருவதில்லை. ஆகவே ஓர் ஊர்க் கணக்கரின் கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆண்டு இயக்கச் செலவைத் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். கசடு அகற்றுவதை “தேவைப்படும்போது” என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். தேவைப்படும்போது எந்த வீட்டிலும் பணம் இருக்காது. ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாக, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் தொட்டிகளைக் காலி செய்வது என்றும், அதற்கான தொகையைத் தண்ணீர்க் கட்டணத்தோடு மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பது என்றும் வைத்தால் சுமை தெரியாது. வண்டிக்காரருக்கும் நிச்சயமான வேலை கிடைக்கும்.

பதிவு 6 – வாய்க்கால்கரை

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு திட்டங்களையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பி.ஓ.டி. 250 என்றுதான் இருக்கிறது. முதல் திட்டத்தில் கசடு பற்றி ஒரே வரி. இரண்டாவதில் அதுவும் இல்லை. ஊரில் மின்சாரம் மழைக்காலத்தில் நாள்கணக்கில் நின்றுபோவது உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரமாக அமர்த்தும் நிலையிலும் நாங்கள் இல்லை. ஆகவே ஆயத்த நிலையம் எங்களுக்கு உகந்ததன்று என்று தோன்றுகிறது.

ஒரு சிலர் குழுவில் வேறொரு கருத்தைச் சொல்கிறார்கள்: பொது அமைப்பே வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்கைச் சரிசெய்து உறிஞ்சுகுழி ஒன்று தோண்டிவிட்டால் வாய்க்கால் வறண்டுவிடும் என்கிறார்கள். ஊரின் மேட்டுப் பகுதி சரளை மண். தாழ்ந்த பகுதி களிமண். இது நடக்குமா?

பதிவு 7 – சரளைப்படுகை

மேட்டுப் பகுதியில் நடக்கலாம். தாழ்ந்த பகுதியில் நடக்காது. உறிஞ்சுகுழி என்பது மண்ணை நம்பிச் செய்யும் வேலை. குழி தோண்டப் போகும் ஆழத்தில் சிறிய சோதனைக்குழி எடுத்து, முந்தைய நாளே நீர் ஊற்றி மண்ணை ஊறவைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். சில நிமிடங்களில் இறங்கினால் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சுகுழி வேலை செய்யாது. கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிட்டாலும் மகிழ வேண்டாம். அந்த மண் எதையும் வடிகட்டாமல் கிணற்றுக்கு அனுப்பிவிடும்.

உறிஞ்சுகுழியின் அடிப்பகுதிக்கும் மழைக்காலத்தின் உயர்ந்த நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் வறண்ட மண் வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீட்டர் இடைவெளி போதும் என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். நுண்மணல் மண்ணில் அது பொருந்தும். வெடிப்புள்ள பாறையின் மேல் மெல்லிய மண் இருக்கும் இடத்தில் அந்த 15 மீட்டருக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் நீர் பாறை வெடிப்பு வழியே அதைவிடப் பன்மடங்கு தொலைவைச் சில நாள்களில் கடந்துவிடும். நைட்ரேட்டை எந்த மண்ணும் பிடித்துவைப்பதில்லை.

ஆகவே நான் கருதும் வழி இடைப்பட்டது. ஏற்கெனவே உள்ள செப்டிக் டேங்குகளை விட்டுவிடாதீர்கள். அவற்றைச் செப்பனிட்டு, குழிக் கழிப்பறை உள்ள வீடுகளுக்கு இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒன்றாகத் தொட்டி கட்டி, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மட்டும் சிறு விட்டமுள்ள குழாய்களில் சேர்த்துத் தாழ்ந்த பக்கம் கொண்டுவாருங்கள். வழக்கமான பாதாளச் சாக்கடையில் மலத்தை உருட்டிச் செல்வதற்காக நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்காகச் சரிவும் ஆழமும் கூடிக்கொண்டே போகும், ஆழ்நுழைகுழிகளும் (மேன்ஹோல்) பெருகும். திடப்பொருள் வீட்டுத் தொட்டியிலேயே தங்கிவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. 100 மில்லிமீட்டர் குழாய் போதும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி ஆழமில்லாமல் பதிக்கலாம். ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் 1960களிலிருந்து இது நடைமுறையில் உள்ளது.

இந்த முறை ஒன்றை மட்டும் மன்னிக்காது. வீட்டுத் தொட்டிகளில் கசடு நிறைந்தால் அது குழாய்க்குள் வந்துவிடும், குழாயோ அதைச் சுமக்கும்படி அமைக்கப்படவில்லை. மேலே கணக்குப்பேரேடு அவர்கள் சொன்ன மூன்றாண்டுச் சுழற்சி இங்கே விருப்பத்தேர்வு அன்று, அமைப்பின் ஓர் உறுப்பு. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 180 லிட்டர் கசடு சேரும். 2,000 லிட்டர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிறைய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். மூன்றாண்டுச் சுழற்சி சரியாகப் பொருந்துகிறது.

பிறகு தாழ்ந்த பக்கத்தில் என்ன? செப்டிக் டேங்க் பி.ஓ.டி.யில் 30 முதல் 50 விழுக்காடுதான் குறைக்கும். வீட்டுத் தொட்டிகளுக்குப் பிறகு சரளைப் படுகைக்கு வரும் சுமை உங்கள் 40 கிலோவில் ஏறத்தாழ 24. கிடைமட்டப் படுகைக்கு ஐரோப்பாவின் குளிரில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் என்று வைத்தார்கள். வெப்பமான இடங்களில் முன்தெளிவு நன்றாக இருந்தால் 1.5 முதல் 2 வரை போதும். 800 பேருக்கு 1,200 முதல் 1,600 சதுர மீட்டர். ஆழம் 60 சென்டிமீட்டர். நீர்மட்டம் சரளையின் மேற்பரப்புக்கு ஒரு கை அகலம் கீழேயே நிற்க வேண்டும்; அப்படி நின்றால் கொசு முட்டையிட இடமில்லை, நாற்றமும் இல்லை.

பதிவு 8 – மடைக்காவலர்

படுகையைப் பற்றி இயக்குபவன் பக்கத்திலிருந்து சிறிது. அடைப்பு எப்போதும் நுழைவாயிலிலிருந்து முதல் இரண்டு மீட்டரில்தான் தொடங்கும். அந்தப் பகுதியில் கைப்பிடி அளவுள்ள பெரிய கற்களை இடுங்கள். சிறு ஜல்லியை அங்கே கொண்டுவராதீர்கள். படுகையை ஒரே பரப்பாக இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஓய்வில் விட்டு மற்றவற்றை ஓட்டும்படி மடை வையுங்கள். அடைத்துக்கொண்ட படுகைக்குச் சில வாரங்கள் நீர் விடாமல் காயவிட்டால் துளைகளில் படிந்த பசை தானே சிதைந்துவிடும்.

செடியே சுத்திகரிக்கிறது என்று பார்வையாளர்கள் நம்புகிறார்கள். வேலையில் பெரும்பகுதி கல்லில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுடையது. செடியின் வேர் அவற்றுக்கு இடம் தருகிறது, துளைகளைத் திறந்துவைக்கிறது. செடி எடுத்துக்கொண்ட உரச்சத்து அதை வெட்டி அப்புறப்படுத்தினால்தான் நீங்கியதாகும். அப்படியே மடிந்து அழுக விட்டால் திரும்ப நீருக்கே வந்துவிடும். குளத்தில் ஆகாயத்தாமரையை விட்டால் சுத்தமாகிவிடும் என்று குழுவில் யாரேனும் சொன்னால் இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

பதிவு 9 – வயல்வெளி

வணக்கம். தாழ்ந்த பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் உழவர்களின் நிலையிலிருந்து கேட்கிறேன். சுத்திகரித்த பிறகு அந்த நீரை ஏன் குளத்தில் விட வேண்டும்? ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைட்ரஜன் கழிவோடு போகிறது என்கிறார்கள். அதில் பெரும்பங்கு சிறுநீரில் உள்ளது. 800 பேருக்கு 3,000 கிலோவுக்கு மேல். தொட்டியிலும் படுகையிலும் ஒரு பகுதி போனாலும் மீதி பயிருக்கு உரம். குளத்தில் அதே சத்துதான் பச்சைப் பாசியாகிறது. வறண்ட மாதங்களில் ஒவ்வொரு நாளும் தவறாமல் வரும் 64,000 லிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களால் முடியாது. சொல்லப்போனால், பலர் இப்போதே வாய்க்காலை மறித்துப் பாய்ச்சுகிறார்கள்.

பதிவு 10 – ஊற்றுநீர்

பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். வயல்வெளி அவர்களின் விருப்பம் நியாயமானது. அந்த நீர் வயலுக்குப் போவதையே நானும் விரும்புகிறேன். ஆனால் தெளிவான நீர் வேறு, பாதுகாப்பான நீர் வேறு. சரளைப் படுகையிலிருந்து கண்ணாடி போல வெளியேறும் நீரிலும் நோய்க்கிருமிகள் ஏராளம் இருக்கும். பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்ச வேண்டுமானால் 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டும் நுண்ணுயிர், 1,000க்கும், லிட்டரில் குடற்புழு முட்டை ஒன்றுக்கும் மிகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் வரையறுத்தது. படுகை மட்டும் முதல் எண்ணைத் தராது.

அதே நிறுவனம் 2006இல் அணுகுமுறையை மாற்றியது. நீரின் தரம் ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல், வயல் முதல் தட்டு வரை பல தடைகளை அடுக்கலாம் என்றது. சிற்றூர்களுக்கு இது மிகவும் உதவும். படுகைக்குப் பிறகு ஒரு மீட்டர் ஆழமுள்ள முதிர்வுக்குளம் ஒன்றில் நீரைப் பத்து நாள் வெயிலில் நிறுத்தினால் புழு முட்டைகள் படிந்துவிடும், கோலிஃபார்மும் வெகுவாகக் குறையும். சமைத்து உண்ணும் பயிர்களுக்கும் மரங்களுக்கும் தீவனப் புல்லுக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மேலே தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். அறுவடைக்கு முன் சில நாள்கள் நிறுத்திவிடுங்கள். வெயில் படும் இலைகளில் கிருமிகள் நாளுக்கு நாள் மடியும். பாய்ச்சுபவர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைவது. உணவு சுத்தமாக இருப்பது மட்டும் அவரை அதிலிருந்து காக்காது.

குளோரினை இறுதியில் ஊற்றிவிட்டால் போதும் என்று முதல் திட்டத்தில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. கலங்கலும் அம்மோனியாவும் உள்ள நீரில் குளோரினின் பெரும்பகுதி அவற்றிலேயே செலவாகிவிடும். உருளைப்புழு முட்டையை அது ஒன்றும் செய்யாது.

கசடுக்கும் இதே கவனம் வேண்டும். மடைக்காவலர் ஐயா சொன்ன எட்டு நடையையும் உலர்த்தும் மணற்படுகையில் 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால், வெப்பமான வறண்ட நாள்களில் இரண்டு வாரத்தில் மண்வெட்டியால் அள்ளும் அளவுக்குக் காய்ந்துவிடும். காய்ந்தது என்பதால் அது உரமாகிவிடாது. உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெப்பமான இடத்தில் ஓராண்டுக்கு மேலும், குளிரான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டாண்டும் மழை படாமல் சேமித்துவைக்க வேண்டும். அல்லது மட்கவைத்து, குவியல் முழுவதும் 50 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கச் செய்ய வேண்டும். வெளிப்புறம் குளிர்ந்திருக்கும் குவியலைப் புரட்டிப் போட்டு மீண்டும் சூடேற விட வேண்டும்.

பதிவு 11 – வயல்வெளி

அம்மா, விளக்கத்துக்கு நன்றி. பத்து நாள் நீரை நிறுத்த 640 கன மீட்டர் கொள்ளும் குளம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் 640 சதுர மீட்டர். படுகையையும் சேர்த்தால் 2,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர். தாழ்ந்த பக்கத்தில் தீவனப் புல்லுக்கு நீர் உறுதி என்று எழுதிக் கொடுத்தால், அந்த அரை ஏக்கருக்கு நிலம் தர முன்வரும் உழவர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீர் யாருக்கு, எந்த முறையில், எந்தப் பயிருக்கு என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். கட்டிய பிறகு எழுதினால் சண்டைதான் வரும்.

பதிவு 12 – ஆலைப்பொறுப்பாளர்

மழைநீரை மறந்துவிடாதீர்கள். இப்போது தெருவோர வாய்க்காலில் மழையும் கழிவும் ஒன்றாகப் போகின்றன. பழைய வாய்க்கால் மழைக்கு மட்டும் இருக்கட்டும். கழிவுநீர் மூடிய குழாயில் தனியே வரட்டும். கூரைநீரைச் செப்டிக் டேங்கில் விடும் வீடுகளை முதலிலேயே கண்டறிந்து துண்டியுங்கள். ஒரு பெருமழையில் தொட்டியின் கசடு முழுவதும் உங்கள் சரளைப் படுகைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் போதும்.

பதிவு 13 – வாய்க்கால்கரை

குழுவில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். இரண்டு திட்டங்களையும் இப்போதைக்கு நிறுத்திவைத்து, முதலில் மூன்று வேலைகளைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள்: நீரோட்டத்தை மணிக்கொரு முறை அளப்பது, எல்லாத் தொட்டிகளையும் திறந்து துவாலைக் கழியால் கசடைப் பார்த்துப் பட்டியலிடுவது, ஊரின் நிலமட்டங்களை அளந்து வரைபடமாக்குவது. கசடு உலர்த்தும் இடத்தை முடிவு செய்யாமல் வேறு எதற்கும் ஒப்புதல் இல்லை என்றும் எழுதிக்கொண்டோம். அதற்கான இடத்தைப் பற்றித்தான் கூட்டத்தில் மிக நீண்ட விவாதம் நடந்தது. எவரும் தம் வீட்டருகே வேண்டாம் என்கிறார்கள். பேச்சு தொடர்கிறது.

ஒரு சந்தேகம் மீதமுள்ளது. சமையலறை நீரையும் அதே செப்டிக் டேங்கில் சேர்க்கலாமா? எண்ணெய்ப் பிசுக்கு அதிகம்.

பதிவு 14 – சரளைப்படுகை

சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும், இல்லையேல் வாய்க்கால் அப்படியே இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் பாதிக்கு மேல் சமையலறை, குளியல், துணி துவைத்த நீர்தான். சமையலறைக் குழாயில் மட்டும், தொட்டிக்கு முன்பாக, சிறிய எண்ணெய்ப் பிடிப்பான் வையுங்கள். அதன் வெளிக்குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும், அடியிலிருந்து நீர் மட்டும் போகும். வாரம் ஒரு முறை வழித்தெடுத்துக் கசடோடு சேர்க்காமல் தனியே புதைக்கலாம். ஒவ்வொரு செப்டிக் டேங்கின் உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் டி வடிவக் குழாய் இருக்கிறதா என்பதையும் தொட்டியைத் திறக்கும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். பழைய தொட்டிகளில் வெளிவாயில் டி உடைந்து விழுந்திருக்கும். மிதக்கசடு நேரே வெளியேறுவதற்கு அதுவே காரணம்.

மழைக்காலம் தொடங்கும் முன் தாழ்ந்த பக்கத்தில், படுகை வரக்கூடிய இடத்தில், துளையிட்ட குழாய் ஒன்றை 3 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்துவாருங்கள். மட்டம் தரைக்கு அருகே ஏறுமானால் படுகையைத் தோண்டாமல் கரைகட்டி உயர்த்த வேண்டியிருக்கும். அப்படியானால் வீட்டுக் குழாய்களின் சரிவையும் மாற்ற வேண்டும். நிலமட்ட வரைபடமும் மழைக்கால அளவுகளும் வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள். படுகையின் நீளத்தையும் அகலத்தையும் அப்போது சேர்ந்து கணக்கிடலாம்.